தியான அறையிலிருந்து கூடத்துக்கு

ஐந்து ஆண்டுகளாகக் காலையும் மாலையும் தவறாமல் தியானத்தில் அமர்வதாகவும், அமர்ந்திருக்கும் நேரத்தில் மனம் நன்றாக அடங்குவதாகவும், ஆனால் எழுந்து வந்தவுடன் வீட்டாரின் பேச்சே எரிச்சலூட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உறவினர் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறீர்கள். அலுவலகத்தில் நாலு பேர் கூடி நின்றால் என்ன பேசுவதென்று தெரியாமல் விலகிவிடுகிறீர்கள். மனிதர்களோடு பழகும் திறனை முயன்று வளர்த்துக்கொள்வது ஆன்மிகப் பயிற்சியில் சேருமா, அல்லது விட்டு விலகிய உலகியலுக்குள் திரும்பவும் இறங்குவதாகுமா என்பது உங்கள் கேள்வி.

சேரும் என்பதே என் பதில். உங்கள் தியானம் இப்போது எந்த இடத்தில் முட்டி நிற்கிறதோ அதைத் தாண்டுவதற்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. தனியாக இருக்கும்போது பசி வரும், தூக்கம் வரும், பழைய நினைவுகளும் வரும். ஆனால் வெகுளியும் அழுக்காறும் தான் பெரியவன் என்ற எண்ணமும் முழு உருவோடு எழுவதற்கு எதிரில் இன்னொருவர் வேண்டும். அவர் இல்லாத அறையில் அவை எழவில்லை என்பதை வைத்து, அவை நம்மிடம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கதவைத் திறந்ததும் வரும் எரிச்சலை, கிடைத்த அமைதியை வெளியுலகம் கெடுத்துவிட்டதாக நினைக்கிறோம். உள்ளேயே இருந்தது வெளியே தெரிந்தது என்று பார்ப்பதே சரியென்று நான் கருதுகிறேன்.

இதை நான் என் வீட்டிலேயே கற்றேன். இருபதுகளின் நடுவில் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து அமர்வேன். ஆறு மணியளவில், மனம் நன்றாகக் கூடிவரும் வேளையில், அடுப்படியில் குக்கர் விசில் அடிக்கும். ஒருநாள் எழுந்து போய் அம்மாவிடம், ஒரு மணி நேரம்கூட இந்த வீட்டில் நிம்மதியாக உட்கார முடியாதா என்று கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து விசில் சத்தம் இல்லை. தியானம் நன்றாக அமைந்தது. அது என் பயிற்சி முதிர்ந்ததன் அடையாளம் என்றுகூட நினைத்துக்கொண்டேன். பல மாதங்கள் கழித்து, ஒரு காலையில் தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் பார்த்தேன். அம்மா குக்கரை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பானையில் உலை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அதற்காக முன்பைவிட அரைமணி நேரம் முன்னதாக எழுந்து அடுப்படியில் நின்றிருக்கிறார். இதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. மூச்சு உள்ளே போவதையும் வெளியே வருவதையும் அத்தனை நுட்பமாகக் கவனிக்கத் தெரிந்த எனக்கு, பத்தடி தூரத்தில் நின்ற ஒருவரைக் கவனிக்கத் தெரியவில்லை.

பழகும் திறன் என்று நான் சொல்வதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கலகலப்பாகப் பேசுவதையோ, கூட்டத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பதையோ நான் சொல்லவில்லை. பேச்சுக் குறைந்தவராக இருப்பது இயல்பு. அதை மாற்ற வேண்டியதில்லை. ஒருவர் பேசும்போது முழுதாகக் கேட்பது, சொல்லாமல் விட்டதையும் முகத்திலிருந்து அறிவது, உண்மையை நோகாதபடி சொல்வது, முடியாததை முடியாது என்று கசப்பின்றி மறுப்பது, தவறினால் வருத்தம் தெரிவிப்பது, பிறர் தரும் உதவியைக் கூசாமல் ஏற்பது ஆகியவைதான் அந்தத் திறன். விற்பனைப் பயிற்சி வகுப்புகளிலும் இவற்றில் சிலவற்றைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணைப் பார்த்துப் பேசு, பெயரைச் சொல்லி அழை, புன்னகை செய் என்பார்கள். செயல் ஒன்றுதான், ஆனால் அங்கே எதிரில் இருப்பவர் நம் காரியத்துக்கான வழி; இங்கே அவரைச் சரியாகப் பார்ப்பதே காரியம்.

உங்கள் ஐயம் புதியதன்று. பௌத்தத் துறவியருக்கான ஒழுங்குமுறைகளைத் தொகுத்த வினய பிடகத்தில் இதற்கு நேரான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. மழைக்காலத்தின் மூன்று மாதங்கள் பிக்குகள் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்குவது வழக்கம். கோசல நாட்டில் அவ்வாறு சேர்ந்து தங்கிய சில பிக்குகள், சண்டை சச்சரவின்றி இந்தக் காலத்தைக் கழிக்க என்ன வழி என்று யோசித்து, ஒருவரோடொருவர் பேசுவதே இல்லை என்று முடிவு செய்தார்கள். பிச்சை ஏற்று முதலில் திரும்புபவர் இருக்கைகளை விரித்து, கால் கழுவத் தண்ணீர் வைப்பார். கடைசியில் வருபவர் மிச்சம் இருந்தால் உண்டு, இடத்தைத் துப்புரவு செய்வார். தண்ணீர்க் குடத்தைத் தனியாகத் தூக்க முடியாவிட்டால் கையசைத்து இன்னொருவரை அழைப்பார். அதற்காகவும் வாய் திறக்க மாட்டார். மூன்று மாதம் முடிந்து சாவத்தி நகருக்குப் போய்ப் புத்தரைக் கண்டு, இணக்கமாகவும் இனிதாகவும் தங்கினோம், இன்ன முறையில் தங்கினோம் என்று நிறைவோடு சொன்னார்கள்.

பாராட்டு வரும் என்று நாம் எதிர்பார்ப்போம். புத்தர் கண்டித்தார். ஆடுமாடுகள் ஒரு தொழுவத்தில் சேர்ந்து கிடப்பதைப் போல இருந்துவிட்டு, இனிதாக இருந்ததாகச் சொல்கிறார்களே என்றார். பேசா நோன்பை இனிக் கைக்கொள்ளக் கூடாது என்று விலக்கி, அதற்குப் பதிலாகப் பவாரணை என்ற ஒரு சடங்கை ஏற்படுத்தினார். மழைக்காலத் தங்கலின் முடிவில் ஒவ்வொரு பிக்குவும் சங்கத்தின் முன் குந்தி அமர்ந்து, கைகூப்பி, என்னிடம் குற்றம் எதையேனும் நீங்கள் கண்டிருந்தாலோ, கேள்விப்பட்டிருந்தாலோ, ஐயுற்றிருந்தாலோ என்மேல் இரக்கம் கொண்டு சொல்லுங்கள், உணர்ந்தால் திருத்திக்கொள்வேன் என்று மூன்று முறை வேண்டிக்கொள்ள வேண்டும். மூத்தவரே முதலில் தொடங்க வேண்டும். இந்தச் சடங்கு இலங்கை, தாய்லாந்து போன்ற தேரவாத பௌத்த மரபுள்ள நாடுகளில் இன்றும் நடக்கிறது.

எனக்கு இந்த நிகழ்ச்சியில் மிகவும் பிடித்தது, அந்தப் பிக்குகள் கெட்டவர்கள் அல்லர் என்பதுதான். ஒருவருக்கொருவர் இருக்கை விரித்தார்கள், தண்ணீர் வைத்தார்கள், ஒழுங்கில் குறையே இல்லை. சச்சரவும் இல்லை. இருந்தும், சச்சரவு வராமல் பார்த்துக்கொண்டதால் வளர்ச்சியும் வரவில்லை என்பதே அந்தக் கண்டிப்பின் உட்பொருள் என்று நான் படிக்கிறேன். தன் குறையைத் தன் கண்ணால் மட்டும் பார்த்துத் திருத்திவிட முடியாது. கூட இருப்பவரின் கண் வேண்டும், அவர் சொல்வதைத் தாங்கும் பழக்கம் வேண்டும், அவர் துணிந்து சொல்லும்படி நம் முகம் இருக்க வேண்டும். இந்த மூன்றாவதைத்தான் நாம் அதிகம் மறக்கிறோம். உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் குறை சொல்ல அஞ்சுகிறார்களா என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் தியானப் பயிற்சியில் இருப்பவர் என்பதால், பதஞ்சலியின் யோக சூத்திரத்தையும் எடுத்துக்கொள்ளலாம். யோகம் என்றதும் நமக்கு நினைவுக்கு வரும் ஆசனம் எட்டு உறுப்புகளில் மூன்றாவதாகத்தான் வருகிறது; முதலில் நிற்கும் யமத்தில் கொல்லாமையும் வாய்மையும் கள்ளாமையும் இருக்கின்றன, அவை மூன்றும் மற்றவரோடு நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றியவை. அதைவிட முக்கியமானது முதல் பாதத்தின், அதாவது முதல் பகுதியின், முப்பத்துமூன்றாம் சூத்திரம். மனம் தெளிவதற்கு ஒரு வழியாக அது நான்கு மனப்பாங்குகளைச் சொல்கிறது: இன்பத்தில் இருப்பவரிடம் நட்பு, துன்பத்தில் இருப்பவரிடம் கருணை, நற்செயல் செய்பவரிடம் முதிதை என்னும் மகிழ்ச்சி, தீயது செய்பவரிடம் உபேட்சை என்னும் விலகிய நடுநிலை. மனம் தெளிந்த பிறகு மனிதர்களிடம் இப்படி நடந்துகொள் என்று சூத்திரம் சொல்லவில்லை. மனிதர்களிடம் இப்படி இருந்தால் மனம் தெளியும் என்கிறது. வரிசை நாம் நினைப்பதற்கு நேர்மாறாக இருக்கிறது.

அதன் நுட்பம், எல்லாரிடமும் ஒரே மாதிரி இரு என்று சொல்லாததில் இருக்கிறது. எதிரில் இருப்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று முதலில் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே எந்த மனப்பாங்கு பொருந்தும் என்பது தெரியும். பழகும் திறனுக்கு இதைவிடச் செறிவான விளக்கம் நான் கண்டதில்லை. நால்வகையில் கருணைதான் எளிது. துன்பப்படுபவரைப் பார்த்து இரங்குவதில் நமக்குச் சற்றே மேல்நிலையும் கிடைத்துவிடுகிறது. கடினமானவை முதலாவதும் மூன்றாவதும். உங்களோடு வேலையில் சேர்ந்தவருக்குப் பதவி உயர்வு கிடைத்து, அவர் இனிப்புப் பெட்டியை உங்கள் மேசைக்கு நீட்டும் அந்த நொடியை எடுத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துகள் என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டுத் திரையைப் பார்த்துக் குனிந்துகொள்ளலாம். அல்லது, கடந்த ஆண்டு அவர் எந்த வேலையை எப்படி நன்றாகச் செய்தார் என்பதில் நீங்கள் உண்மையாகவே மதித்த ஒன்றைச் சொல்லி, வீட்டில் எல்லாரும் மகிழ்ந்திருப்பார்களே என்று கேட்கலாம். இரண்டாவதைச் சொல்ல முயலும்போது நெஞ்சில் ஏதோ ஒன்று இறுக்கிப் பிடிக்கும். அந்த இறுக்கத்தைக் கண்டுகொள்ளவும் தளர்த்தவும் ஒரு மணி நேரத் தியானத்தால் முடியாதது அந்த அரை நிமிடத்தில் நடக்கும்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியதை ஒளிக்காமல் சொல்கிறேன். நீங்கள் நால்வருக்கும் நான்காவதையே கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். தீங்கு செய்பவருக்கென்று ஒதுக்கப்பட்ட உபேட்சையை, ஊரிலிருந்து வரும் பெரியப்பாவுக்கும், பேச ஆளில்லாமல் உங்களிடம் வரும் அம்மாவுக்கும், சிரித்துக்கொண்டே வணக்கம் சொல்லும் சக ஊழியருக்கும் கொடுத்துவிட்டு, அதற்குப் பற்றின்மை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

நம் சைவ மரபு இதில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. திருமூலர், எல்லாராலும் இயன்ற அறங்களை அடுக்கும்போது, இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயுறை, உண்ணும்போது ஒரு கைப்பிடி என்று சொல்லி, ‘யாவர்க்குமாம் பிறர்க்கு இன்னுரை தானே’ என்று முடிக்கிறார். பூசைக்கு இடும் இலையும் பிறரிடம் சொல்லும் இனிய சொல்லும் அந்தப் பாட்டில் ஒரே வரிசையில் நிற்கின்றன. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் செய்த சிவஞான போதத்தில் பன்னிரண்டு நூற்பாக்கள் உண்டு. உயிர் அன்பினால் இறைவன் திருவடியைச் சேரும் நிலையைப் பதினோராம் நூற்பா பேசிய பிறகும் நூல் முடியவில்லை. பன்னிரண்டாவது, அந்த ஞானி எப்படி வாழ்வார் என்று சொல்லும்போது ‘அன்பரொடு மரீஇ’ என்கிறது. மருவுதல் என்றால் கலந்து பழகுதல். ஞானம் பெற்றவருக்கும் பழகுதல் விதிக்கப்பட்டிருக்கிறது என்றால், பயிற்சியில் இருக்கும் நமக்கு அதிலிருந்து விலக்கு எங்கிருந்து வரும்? திருக்குறளில் வெகுளாமையும் இன்னா செய்யாமையும் இல்லறவியலில் வைக்கப்படாமல் துறவறவியலில் வைக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். துறந்தவருக்கும் எதிரில் மனிதர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தனிமைக்கு ஆதாரமாகப் பலர் ரமண மகரிஷியைக் காட்டுவார்கள், நீங்களும் காட்டியிருக்கிறீர்கள். அவர் வாழ்க்கையை முழுதாக வைத்துப் பார்க்க வேண்டும். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், பதினாறு வயதில் திருவண்ணாமலைக்கு வந்தவர் கோயிலின் நிலவறையில் உள்ள பாதாள லிங்கத்துக்கருகில் பூச்சிகள் கடிப்பதும் தெரியாமல் அமர்ந்திருந்தார் என்பது உண்மை. 1898இல் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து அழுது கூப்பிட்டபோதும் அவர் வாய் திறக்கவில்லை. பதிலைத் தாளில் எழுதித் தந்தார். ஆனால் அதே தாயார் 1916இல் மகனோடு தங்கவே வந்துவிட்டபோது ஏற்றுக்கொண்டார். தாயார் அங்கே அடுப்பு மூட்டியதிலிருந்துதான் ஆசிரமத்துச் சமையலறை தொடங்கியது. 1922இல் தாயார் மறைந்த பிறகு, அவர் சமாதியை ஒட்டியே இன்றைய ரமணாசிரமம் உருவானது. அங்கே மகரிஷி பல ஆண்டுகள் விடியுமுன்னே சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்கினார், சட்னி அரைத்தார், உடன் இருந்தவர்களுக்குச் சமையல் சொல்லிக்கொடுத்தார். பந்தியில் தமக்கென்று எதுவும் கூடுதலாக வைக்க விடமாட்டார். எல்லாருக்கும் என்ன அளவோ அதுவே தமக்கும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். பேசாமல் இருந்த இளைஞரிடமிருந்து, யார் வந்தாலும் காணக்கூடியவராகக் கூடத்தில் அமர்ந்திருந்த முதியவர் வரை அந்த வாழ்க்கை நீண்டது. தொடக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வது நியாயமாகாது.

வடலூரை இங்கே ஒரு வரியிலாவது சொல்லாமல் விட முடியாது. வள்ளலார் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி அடுப்பு மூட்டினார். ஒளி வழிபாட்டுக்கான ஞானசபை 1872இல்தான் வந்தது. சோறு முன்னே, சபை பின்னே.

இனி, எப்படிப் பயில்வது என்பது. புத்தகத்தைப் படித்து இது வராது. நான் பெரிதும் கற்றுக்கொண்டது அன்னதானப் பந்தியில்தான் என்பதால், உங்களுக்கும் அதையே முதலில் சொல்வேன். ஒரு கோயிலில் மாதம் ஒருமுறை பரிமாறப் போவேன். முதல் நாள் சாம்பார் வாளியைக் கையில் கொடுத்தார்கள். வேகமாகப் போனேன், இலையைப் பார்த்து, சோறு இருந்தால் ஊற்றி, அடுத்த இலைக்கு நகர்ந்தேன். வரிசை முடிந்ததும், ரசம் கொண்டு வந்த பெரியவர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, “தம்பி, இலையப் பாத்து ஊத்துறீங்க. ஆளப் பாருங்க” என்றார். அடுத்த பந்தியில் அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஒவ்வொருவர் முன்னும் அரை நொடி நின்றார், குனிந்தார், முகத்தைப் பார்த்தார். ஒருவர் இலைமேல் இரு கையையும் விரித்து மறைத்தார். அவருக்கு நிறைந்துவிட்டது, பெரியவர் நகர்ந்தார். ஒருவர் போதும் என்று வாயால் சொன்னார், ஆனால் கை இலையைவிட்டு விலகியே இருந்தது. அவருக்கு இன்னும் ஒரு கரண்டி விழுந்தது. ஓரத்தில் ஒரு பாட்டிக்குக் கேட்காமலேயே சோற்றைக் குழையப் பிசைந்துகொள்ளும்படி ரசத்தைக் கூடுதலாக விட்டார். பாட்டிக்குப் பல் இல்லை என்பதை அவர் பார்த்திருந்தார், நான் பார்க்கவில்லை. பேச்சே தேவைப்படாத இந்த வேலை, பேசக் கூச்சப்படுபவருக்கு ஏற்ற முதல் பள்ளிக்கூடம். மாதம் ஒருநாள் போதும்.

இரண்டாவது, கேட்பது. நாம் பெரும்பாலும் எதிரில் இருப்பவர் மூச்சு விடும் இடைவெளிக்காகக் காத்திருக்கிறோம், கேட்பதில்லை. தியானம் பழகியவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கவனம் மூச்சிலிருந்து நழுவியதும் திரும்பக் கொண்டுவரத் தெரிந்தவர் நீங்கள். அதே போல, ஒருவர் பேசும்போது உங்களுக்குள் மறுமொழி உருவாகத் தொடங்கியதும் அதைக் கவனித்து, திரும்ப அவர் குரலுக்கு வந்துவிடுங்கள். அவர் முடித்த பிறகு, அவர் சொன்னதிலிருந்தே ஒரு கேள்வி கேளுங்கள். பெரியப்பா முட்டிவலி என்றால், எந்த எண்ணெய் நல்லது என்று சொல்ல வேண்டாம். படியேறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா என்று கேளுங்கள்.

ஆன்மிகத்தில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டிய இடம் துக்க வீடு. கணவனை இழந்து இரண்டு நாள் ஆன பெண்ணிடம், ஆன்மாவுக்கு அழிவில்லை, எல்லாம் கர்மம், அழக்கூடாது என்று ஒருவர் விளக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். சொன்னது தத்துவமாகச் சரியாக இருக்கலாம். அந்த நேரத்தில் அது அவர் துயரத்தைக் கேட்க மறுப்பதுதான். நம் ஊரில் துக்கம் விசாரிக்கப் போனால் பக்கத்தில் அமர்வார்கள், கையைப் பிடித்துக்கொள்வார்கள், என்ன நடந்தது என்று கேட்டு அவர் சொல்வதை முழுதும் கேட்பார்கள், போய்வருகிறேன் என்று சொல்லாமலேயே எழுந்து வருவார்கள். எப்போது பேசுவது, எப்போது பேசாமலிருப்பது, எந்தச் சொல்லைத் தவிர்ப்பது என்று தலைமுறைகளாகப் பழகிய அந்த நயத்தை, தத்துவம் படித்தவர்கள் இழந்துவிடக் கூடாது.

மன்னிப்புக் கேட்பதில் ஒரே ஒரு விதிதான் எனக்குப் பயன்பட்டது: காரணம் சேர்க்காமல் கேட்க வேண்டும். அன்றைக்கு எனக்குத் தலைவலி, அதனால்தான் கத்திவிட்டேன் என்றால் பாதியைத் தலைவலி வாங்கிக்கொண்டுவிடும். மறுப்பதும் பழக வேண்டிய ஒன்று. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு உள்ளே புழுங்குவது பணிவாகாது. சத்சங்கங்களுக்குப் போகத் தொடங்கினால் அங்கேயும் புறம்பேச்சு இருக்கும், யாருக்கு முதல் பிரசாதம் என்ற மனத்தாங்கல் இருக்கும். அதைக் கண்டு கசந்து திரும்பிவிட வேண்டாம். அங்கே இருப்பவர்களும் உங்களைப் போலப் பயிற்சிக்கு வந்தவர்களே.

ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துக்கொள்கிறேன். மனிதர்களைச் சந்திக்க வேண்டும் என்று நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, பல நாள் முன்பிருந்தே தூக்கம் கெடுகிறது என்றால் அது மனப் பதற்றமாக இருக்கலாம். அது ஆன்மிகக் குறை அன்று, மருத்துவம் இருக்கிறது. மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பாருங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416இல் தமிழிலும் பேசலாம். அதேபோல, உங்களை இழிவுபடுத்துபவரிடமோ கை ஓங்குபவரிடமோ நெருங்கிப் பழக வேண்டும் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உபேட்சை அவர்களுக்காகத்தான் இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வருவதாகவும், இப்போதே அலுப்பாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அன்றைக்குத் தியானத்தை வழக்கம்போலச் செய்யுங்கள், குறைக்க வேண்டாம். அவர் வந்ததும் அறைக்கு வெளியே வந்து, வாங்க பெரியப்பா என்று சொல்லி, தண்ணீர்ச் செம்பை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள்; கைப்பேசி அறையிலேயே இருக்கட்டும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேளுங்கள். பத்து நிமிடத்துக்குப் பிறகு எழ வேண்டும் போலிருந்தால் எழுந்துகொள்ளலாம். என்ன நடந்தது என்று பிறகு எழுதுங்கள்.